சோமு இறங்கிப்போன வாசல்

“அம்மா, என் தம்பிக்கு என் வீட்டு வாசல் எப்பவும் திறந்துதான் இருக்கு. அவன்தான் எட்டிப் பார்க்கமாட்டேங்கிறான். அவன் மனசு மாற ஒரு வழி சொல்லுங்க.”

வந்ததும் வராததுமாக வைத்தியலிங்கம் இப்படித்தான் ஆரம்பித்தார்.

ஊருக்கு வெளியே குடில் போட்டிருந்த குமுதவல்லிக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. ஆனாலும் அவருக்கு அவள்தான் குரு, அவள்தான் அம்மா.

மகள் கல்யாணத்துக்கு இன்னும் எட்டே நாள். சொந்தச் சித்தப்பன் சோமு இல்லாமல் ஒரு கல்யாணமா?

“பத்திரிகை வச்சீங்களா, அண்ணாச்சி?”

“அனுப்பிட்டேம்மா. தபால்ல.”

“சோமு எந்த ஊர்ல இருக்கார்?”

“இதே ஊர்தான். மூணு தெரு தள்ளி.”

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“வாங்க. அந்தத் திறந்த வாசலைப் பார்த்துட்டு வருவோம்.”

வீட்டு முன்னால் நின்று பார்த்தாள். மேலே தகரக் கூரை. அதன் கீழே இரும்புக் கம்பிக் கதவு. கம்பிக்குப் பின்னால் சுண்ணாம்படித்த சுவர்.

“வாசல் எங்கே?”

“இப்படிச் சந்துக்குள்ள வாங்கம்மா. முன்வாசல் ஆகாதுன்னு வாஸ்துக்காரர் சொன்னார், அடைச்சுட்டேன்.”

“எப்போ?”

“சோமு கோவிச்சுக்கிட்டுப் போன மறுமாசம். ஒரு ஊஞ்சல் பலகை யாருக்குன்னு சண்டை. இந்த வழியாத்தான் இறங்கினான். ‘போறேன்’னான். ‘போயிட்டு வரேன்’னு ஒரு வார்த்தை சொல்லல, பாவி.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

வைத்தியலிங்கம் தெருவைப் பார்த்தார்.

“சரி. அவர் போன வழியாத்தான் நான் உள்ளே வருவேன்.”

சொல்லிவிட்டு எதிரே இருந்த மாவு மில் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கல்யாண வீட்டில் வெள்ளையடிப்பார்கள், பந்தல் போடுவார்கள். இடிப்பார்களோ? வைத்தியலிங்கத்தின் சம்சாரம் சௌந்தரம் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் மறுநாள் காலையில் கொத்தனார் வந்துவிட்டார். அம்மாவும் பெஞ்சுக்கு வந்துவிட்டாள்.

“தகரத்தையாவது விட்டுவைக்கலாமேம்மா. வெயிலுக்குன்னு போட்டது.”

“நான் வெயில்லதானே உட்கார்ந்திருக்கேன்.”

தகரம் இறங்கியது.

“கம்பிக் கதவு இருக்கட்டுமே. திருடனுக்குன்னு போட்டது.”

“திருடன் வந்தானா?”

“யாருமே வரலம்மா.”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கம்பிக் கதவைக் கழற்றும்போது மறுபக்கம் அவரே பிடித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் சுவர். கொத்தனார் கையிலிருந்த சம்மட்டியை வாங்கி முதல் அடியை அவரே போட்டார். செங்கல் சரியச் சரிய, உள்ளே தேக்கு நிலையும் இரட்டைக் கதவும் வைத்தது வைத்தபடி இருந்தன. நிலையில் பூசிய பழைய மஞ்சள்கூட முழுசாக உதிரவில்லை.

தள்ளினார். கதவு அசையவில்லை.

சந்து வழியாகச் சுற்றி ஓடி உள்ளே போய்ப் பார்த்தார். தாழ்ப்பாள் போட்டிருந்தது. சோமு கடைசிப் படி இறங்கும் முன்பே அதைத் தள்ளிய கை எது என்று அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. துருப்பிடித்த தாழ்ப்பாளை அதே கையால் தட்டித் தட்டி நீக்கினார்.

கதவு திறந்ததும் வெளிச்சம் கொல்லைப்புறம் வரைக்கும் ஓடியது.

அம்மா தெருவைக் கடந்து வந்தாள். தாழ்ந்த நிலைக்குக் குனிந்து உள்ளே நுழைந்து, அந்த ஊஞ்சல் பலகையிலேயே உட்கார்ந்தாள்.

வைத்தியலிங்கம் வாசற்படிக்கு உள்ளே நின்று தெருக்கோடி வரை பார்த்தார்.

“திறந்தாச்சும்மா. இனி வந்துடுவான்தானே?”

அம்மா சௌந்தரத்தைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னாள்.

சௌந்தரம் ஒரு தாம்பாளம் கொண்டுவந்தாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள் தடவிய ஒரு பத்திரிகை. வாங்கி வைத்தியலிங்கத்தின் கையில் கொடுத்தாள் அம்மா.

தலையெல்லாம் செங்கல் தூசியோடு அவர் தாம்பாளத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு வலது காலைப் படிக்கு வெளியே வைத்தார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

“போயிட்டு வாங்க, அண்ணாச்சி.”