தொட்டிலுக்குப் பக்கத்துக் கண்ணாடி

பாளையங்கோட்டையில் கண்ணாடி வீடு கட்டிய பெருமை தங்கப்பாண்டியனுக்கு. அதற்குள் வெந்துபோகிற விதி, மாடியில் வாடகைக்கு இருந்த ஜெசிந்தாவுக்கு. மேற்குச் சுவர் முழுக்கத் திறக்க முடியாத கண்ணாடி. தொட்டில் கட்ட இருந்த ஒரே கொக்கியும் அதன் பக்கத்தில்தான். வேறு கொக்கி அடிக்க அவர் விடவில்லை. ஃபேன் போட்டால் அனல்தான் சுற்றியது. கைப்பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அழுகிற பிள்ளையோடு அவளுக்கும் தூக்கம் போயிற்று.

"அண்ணாச்சி, திறந்து மூடுற மர ஜன்னலும் வெளியே ஒரு சன்ஷேடும் போட்டுத் தாங்க. உள்ளே சூடு தாங்கல."

"வெயிலைத் தடுக்கிற கண்ணாடிம்மா அது! சூடு இருந்தா எடுத்து என் கையில குடு, பாப்போம்" என்று சிரித்தார் அவர்.

ஜெசிந்தா பிள்ளையின் ஞானஸ்நான விருந்துக்கு அவரையே முக்கிய விருந்தாளியாக அழைத்தாள். தொட்டிலை அவிழ்த்து, அதே இடத்தில் நாற்காலி போட்டு, மாலையும் போட்டு உட்காரவைத்தாள். சாயங்கால வெயில் நேரே அடித்தது. சபை நடுவே மாலையோடு எழுந்து ஓட முடியுமா? கேக் வெட்டுவதற்குள் பட்டுச்சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"ஏம்மா, அடுப்புக்குள்ள உட்கார்ந்த மாதிரில்ல இருக்கு! நாற்காலியைத் தள்ளிப் போடு."

"தாராளமா எழுந்து வாங்க அண்ணாச்சி. உங்களுக்கு நடக்க வரும். தினமும் அங்கே படுக்கிறவனுக்குத்தான் இன்னும் தவழக்கூட வரல."

தங்கப்பாண்டியன் அவள் தோளில் கிடந்த பிள்ளையின் சிவந்த கழுத்தைப் பார்த்தார். மாலையைக் கழற்றிவிட்டு, அங்கேயே தச்சருக்குப் போன் போட்டார்.

மறுநாள் கண்ணாடியைப் பெயர்த்த சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. ஜெசிந்தாவுக்கு மட்டும் கேட்கவில்லை. கீழே அண்ணாச்சி வீட்டுப் பின்னறையில் பிள்ளையை அணைத்தபடி தூங்கிப்போயிருந்தாள்.