உப்புக்குள்ளே வச்ச மணல்

ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, கடலைத் தாண்டி, மணல்காட்டையும் தாண்டி, ஆப்பிரிக்காவுல ஒரு பெரிய ராஜ்ஜியம் இருந்துச்சாம். அங்க தியாபேன்னு ஒரு உப்பு வியாபாரி. அஞ்சு வேளையும் தொழுகிறவன். ஒட்டகக் கூட்டத்தோட போறப்ப அவன்தான் முன்னால நின்னு தொழுகை நடத்துவான். அவ்வளவு மரியாதை.

அந்தப் பக்கம் ஒரு வழக்கம் கேளுங்க. ஆத்துக்கு அக்கரையில தங்கம் தோண்டுற சனங்க. இவங்க பாஷை அவங்களுக்குத் தெரியாது, அவங்க பாஷை இவங்களுக்குத் தெரியாது, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததும் இல்ல. வியாபாரிங்க அவங்கவங்க அடையாளம் கீறின உப்புப் பாளத்தைக் கரையில வச்சு, முரசடிச்சிட்டு மறைவாப் போயிடுவாங்க. அக்கரைக்காரங்க வந்து பக்கத்துல தங்கப்பொடி வச்சிட்டுப் போயிடுவாங்க. போதும்னா வியாபாரி தங்கத்தை எடுத்துக்கிட்டு மறுபடி முரசடிக்கணும், அப்பத்தான் அவங்க உப்பை எடுப்பாங்க. போதலைன்னா தொடாம விட்டுடணும், அவங்க இன்னும் கொஞ்சம் வைப்பாங்க. திருட்டே நடந்ததில்லையாம். நம்ம தெருவுல நடக்குமா, சொல்லுங்க?

அப்படியிருக்க, ஒரு வருஷம் தியாபே புத்தி கெட்டுப்போனான். பாளத்தோட அடியைக் குடைஞ்சான், உள்ளே மணலை அடைச்சான், உப்பைக் குழைச்சு வாயைப் பூசினான். "யாரு வந்து கேக்கப் போறா? கேட்டாலும் எந்தப் பாஷையில கேப்பாங்க?"ன்னு சிரிச்சுக்கிட்டான்.

மறுவருஷமும் மணல் அடைச்ச பாளத்தைத்தான் வச்சான். காலையில போய்ப் பார்த்தா, குறையாம தங்கம் இருக்கு, பக்கத்துல இலையில சுத்தி நாரால கட்டின ஒரு பெரிய பொட்டலம். மழை படாம மேலே சின்னதா ஒரு கூரை வேற. எல்லாரும் பார்க்கப் பிரிச்சான். போன வருஷ மணல்! ஒரு பொட்டு உப்பு இல்லாம சலிச்சு வச்சிருந்தாங்க.

கூட்டத்துப் பெரியவர் ஹாமிது சொன்னாரு: "டேய் தியாபே, உன் பொருளை மறந்து விட்டுட்டியாம். ஒரு வருஷம் காவல் காத்துக் குடுத்திருக்காங்க."

"அக்கரையில மணலே கிடையாதுன்னு கொண்டுபோனீரோ?"ன்னு ஒருத்தன் கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. தியாபேக்கு பூமி பிளந்தா உள்ளே போயிடலாம் போல இருந்துச்சு.

உடனே மணல் பாளத்தையெல்லாம் தூக்கி எறிஞ்சான். அரசன் இருக்கிற ஊர்ல விக்கலாம்னு தான் வச்சிருந்த நல்ல பாளத்தையெல்லாம் அடுக்கினான். 'சும்மா எடுத்துக்கட்டும்'னு தங்கத்தைத் தொடாம வந்துட்டான்.

மறுநாள் போனா, உப்பு அப்படியே இருக்கு, தங்கம் ரெண்டு பங்கா இருக்கு. தொடாம வந்தான். அடுத்த நாள் போனா, உப்பு அப்படியே இருக்கு, தங்கம் இன்னும் கூடியிருக்கு. அன்னைக்கும் தொடாம வந்தான். அதுக்கடுத்த நாள் போனா, உப்பு அப்படியே இருக்கு, தங்கக் குவியல் மேல ஒரு பச்சைப்பிள்ளை காதுத் தோடு.

"பெரியவரே, பிள்ளை காதுல கிடந்ததைக் கழட்டிட்டாங்களே! நான் விலை பேசலையே, மன்னிப்பில்ல கேக்கறேன்!"

"அது அவங்களுக்கு எப்படிடா தெரியும்?"

"பாதியை விட்டுட்டு முரசடிச்சா?"

"மறந்துட்டுப் போயிட்டான்னு அதையும் கட்டிக் காவல் காப்பாங்க."

"அப்ப எப்படித்தான் சொல்றது?"

"சொல்ல வழியில்ல. பேச்சில்லாத வியாபாரம்னு தெரிஞ்சுதானே ஏமாத்தினே? எடுத்துக்கடா. இல்லேன்னா இன்னொரு பிள்ளை காதும் மூளியாகும்."

அழுதுக்கிட்டே எடுத்தான். அழுதுக்கிட்டே முரசடிச்சான்.

திரும்பி வர்ற வழியில தொழுகை நேரம். தண்ணி இல்லாத இடத்துல சுத்தமான மண்ணைத் தொட்டுக் கையையும் முகத்தையும் தடவிக்கிறது அவங்க முறை. எல்லாரும் குனிஞ்சு மணலைத் தொட்டாங்க. தியாபே மட்டும் மணலையே பார்த்துக்கிட்டிருந்துட்டுக் கடைசியாத் தொட்டான். "முன்னால வாங்க"ன்னு கூப்பிட்டாங்க. அவன் போகல. கடைசி வரிசையில போய் நின்னான். அதுக்கப்புறம் ஒருநாளும் முன்னால வரல.

வருஷாவருஷம் நல்ல உப்பு மேல அந்தத் தோட்டையும் வச்சிட்டு வருவான். வருஷாவருஷம் அதைத் தேச்சுப் பளபளப்பாக்கி, இலையில சுத்தித் திருப்பி வச்சிருப்பாங்க. அந்தப் பிள்ளை வளர்ந்து, அதுக்கே பிள்ளை பிறந்திருக்கும். இவன் மட்டும் கையில தோட்டோட அலைஞ்சான்.

உப்பு கரைஞ்சுது, தங்கம் செலவாச்சு, கதை முடிஞ்சுது. செஞ்ச தப்பை வாய்விட்டுச் சொல்ல எதிர்ல ஒரு ஆள் இருக்கறதே கடவுள் குடுத்த கொடுப்பினை, கண்ணுங்களா. யார்கிட்ட மன்னிப்புக் கேக்கணுமோ போய்க் கேட்டுட்டு வந்து படுங்க.