கப்பல் தலைவரின் சிரிப்பு

நாகப்பட்டினத்துக் கடற்கரை விகாரத்தில் தருமநந்தர் என்றொரு பிக்கு சீன மொழி சொல்லிக்கொடுத்துவந்தார். வாயை மூடிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தார் என்பதே சரி. சீனக் கப்பல் வந்தால் மாணவர்கள் துறைமுகத்தில் போய் உட்கார்ந்து மாலுமிகள் பேசுவதைக் கேட்க வேண்டும். பேசக் கூடாது.

மாணவர்களில் சேந்தன் என்பவனுக்கு அது ஆகாத காரியம். காக்கை கரைந்தால் பதிலுக்குக் கரைவான். சமையல்காரர் தும்மினால் அதே தும்மலைத் திருப்பித் தும்முவான்.

"நாக்காடா அது, குரங்கு!" என்பார் அவர்.

"நாக்காடா அது, குரங்கு!" என்பான் அவர் குரலிலேயே.

போன வருஷம் ஒரு கப்பல் தலைவரின் குரலை இரண்டே நாளில் பிடித்துவிட்டான். மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "பாயை ஏற்றுங்கடா!" என்று சீன மொழியில் ஓர் அதட்டல். மாலுமிகள் அடித்துப் பிடித்துக்கொண்டு பாயை ஏற்றினார்கள். தலைவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் சேந்தன் விட்டுவைக்கவில்லை.

இந்த வருஷம் அதே கப்பல் திரும்பி வந்தது. கூடவே வந்து பேச்சை மொழிமாற்றிச் சொல்ல ஒரு துபாஷி வேண்டுமாம். சேந்தனுக்கு ராத்தூக்கம் போயிற்று.

"நான் போகட்டுமா, சுவாமி?"

"கேட்டது போதுமா?"

"அதான் பேசவே வருகிறதே! இன்னும் எதைக் கேட்பது?"

தருமநந்தர் படகை அவிழ்த்தார். "வா. எடுத்துக்கொள்வதும் மறுப்பதும் தலைவர் பாடு."

கப்பலில் ஏறியதும் சேந்தன் தலைவரை வணங்கினான். "பயணம் எப்படி இருந்தது, ஐயா?" சுத்தமான சீனம். அதுவும் தலைவருடைய ஊர்க்காரர்கள் இழுக்கிற அதே இழுப்பு.

தலைவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். கையைப் பிடித்து அருகில் உட்காரவைத்தார். தணிந்த குரலில் பேச ஆரம்பித்தார். பேசிக்கொண்டே போனார்.

அவர் மூச்சு வாங்கிய இடத்தில் சேந்தன், "நல்லது, மிக நல்லது!" என்றான். அவர் நிறுத்தியதும், அந்தப் பழைய சிரிப்பை எடுத்துவிட்டான். வயிறு குலுங்க.

தலைவர் கையை விட்டார். எழுந்து அறைக்குள் போய்விட்டார்.

தருமநந்தர் பின்னாலேயே போனார். சேந்தன் வெளியே காத்திருந்தான். உள்ளே தலைவரின் குரல் மட்டும் கேட்டது. குருவின் குரல் கேட்கவேயில்லை.

திரும்பும்போது குரு துடுப்புப் போட்டார்.

"மனுஷர் அசந்துபோய்விட்டார், பார்த்தீர்களா? எப்போது கிளம்பலாமாம்?"

"உன்னை அழைத்துப் போக மாட்டாராம்."

"ஏன்? என்னதான் சொன்னார்?"

"வருகிற வழியில் அவர் மகன் காய்ச்சலில் இறந்துவிட்டான். பாயில் சுற்றிக் கடலில் விட்டிருக்கிறார். ஊருக்குப் போய்ப் பிள்ளையின் தாயிடம் எப்படிச் சொல்வது என்று உன்னைக் கேட்டார்."

படகின் முனையில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து கரைந்தது. சேந்தன் பதிலுக்குக் கரையவில்லை.

கரை நெருங்கியபோதுதான் வாய் திறந்தான். அவனுடைய சொந்தக் குரலே அப்போது அவனுக்குப் புதிதாய் இருந்தது.

"கப்பலில் அத்தனை பேர் இருக்க, அதை ஏன் சுவாமி என்னிடம் சொன்னார்?"

"நீ அவ்வளவு நன்றாகப் பேசினாயே," என்றார் தருமநந்தர்.