செத்துப்போன வைத்தியர்

கோயில் பூசாரியைக் கொன்றது யாரென்று காவலர்கள் அதட்டிக் கேட்டார்களாம். "நான்தான்" என்று சொல்லிவிட்டான் சாத்தையா. அந்த ஒரு வார்த்தைக்குத் தூக்கும் தீர்ப்பாகிவிட்டது. அரண்மனையில் பாத்திரம் தேய்க்கும் அவன் அக்கா வேலாயி, ஓடிப்போய் ராஜா காலில் விழுந்தாள்.

"மகாராசா, என் தம்பி வளந்தும் பச்சப்புள்ள. யார் அதட்டினாலும், எதைக் கேட்டாலும், 'நான்தான்'னு சொல்லிருவான்."

அரண்மனை வைத்தியர் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். "நானே சோதித்தேன். தெள்ளத்தெளிந்த புத்தி. அவன் சொன்னால் சொன்னதுதான். இல்லையென்றால் ஒரே கேள்வியில் இவள் நிரூபிக்கட்டும்!"

ராஜாவும் தலையசைத்து, சாத்தையாவை விலங்கோடு சபைக்குக் கொண்டுவரச் சொன்னார்.

வேலாயி மாரியாத்தாளை மனசுக்குள் கும்பிட்டாள். தம்பியை ஒருநாளும் அதட்டாதவள், அன்றைக்கு அதட்டினாள். "ஏலே சாத்தையா! நம்ம வைத்தியரைக் கொன்னது யாருலே?"

சாத்தையா நடுங்கிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டான். "நான்தான்க்கா. அடிக்காதே."

சபையே விக்கித்துப்போனது. வேலாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தெளிஞ்ச புத்திக்காரன் சொல்லிட்டான், மகாராசா. வைத்தியரய்யாவுக்குப் பாடை கட்டச் சொல்லுங்க."

"ஐயோ, நான் உயிரோடுதானே நிற்கிறேன்! அவனுக்குத்தான் புத்தி சரியில்லை!" என்று அலறினார் வைத்தியர்.

ராஜா விலங்கைக் கழற்றச் சொன்னார். சொன்னவரின் முகம் சட்டென்று வெளுத்தது.

"வைத்தியரே, இதற்கு முன்னால் நீர் தெளிவென்று சொல்லி, நான் தூக்கில் போட்டவர்கள்...?"

வைத்தியர் தலையைக் குனிந்துகொண்டார். சாத்தையா அக்காவின் முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

"வா அக்கா, வீட்டுக்குப் போவோம்."