காடை முட்டைக்கு அடை வைத்தவர்கள்

கூத்தம்பூண்டி மாசிலாமணிக்கு ஒரு மனைவி, இரண்டு மச்சான்கள். மனைவி வேதவல்லிக்கு அறிவு இருந்தது. மச்சான்கள் பொன்னுரங்கமும் தெய்வசிகாமணியும் அந்தத் தொந்தரவு இல்லாமல் நிம்மதியாக இருந்தார்கள்.

யாராவது தன்னைப் 'பண்ணைக்காரரே' என்று கூப்பிடவேண்டும் என்பது மாசிலாமணியின் ஆசை. அதனால் காடை வளர்க்க முடிவு செய்தார்.

"ஒரு குஞ்சையாவது உசுரோட காட்டுங்க, நானே அப்படிக் கூப்பிடுறேன்" என்றாள் வேதவல்லி.

பக்கத்து ஊரில் காடைப் பண்ணை வைத்திருந்த அருளப்பன் நல்ல மனிதர். முட்டைகளைக் கூடையில் அடுக்கிக் கொடுத்து, "நல்லா அடை வைங்க. காலையிலயும் சாயங்காலமும் மறக்காம திருப்பிக் குடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பருப்பை ஊறப்போட்டார்கள்.

"மாமா, வெறும் அடையா, முருங்கைக்கீரை போட்ட அடையா?" என்றான் பொன்னுரங்கம்.

மாசிலாமணி நெடுநேரம் யோசித்தார். "'நல்லா' அடை வைக்கணும்னாரு மாப்ள. கீரை போடு."

மொறுமொறுவென்று ஓர் அடையைச் சுட்டு, முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். முட்டைகள் தொடவில்லை.

"நாம பாத்துக்கிட்டே இருந்தா அதுங்க எப்படித் தின்னும்? கூச்சமா இருக்காதா?" என்றான் தெய்வசிகாமணி.

நியாயம்தான். மூவரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். திரும்பியபோது அடையைக் காணோம். வாசலில் ஒரு நாய் வாயை நக்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் சந்தேகப்படவில்லை.

"தின்னுடுச்சு மாப்ள" என்றார் மாசிலாமணி. அவர் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் கூடையோடு அருளப்பன் வீட்டு வாசலில் நின்றார்கள்.

"ஏங்க, முட்டை வேணாமா?"

"வேணுங்க. நீங்கதானே திருப்பிக் குடுக்கச் சொன்னீங்க?"

கொடுத்தார்கள். உடனே கையை நீட்டினார்கள். "இப்ப வாங்கிக்கலாமா?"

மறுநாள் காலையிலும் வந்தார்கள். சாயங்காலமும் வந்தார்கள். அதற்கடுத்த நாள் அருளப்பன் கும்பிட்டு, "இங்கேயே இருக்கட்டும் சாமிகளா, சொல்லி அனுப்புறேன்" என்று முட்டைகளைத் தன் பொரிப்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

குஞ்சுகள் பொரிந்த அன்று அவரே ஆள் அனுப்பினார். மற்றக் குஞ்சுகளைக் கூடையில் விட்டுக் கொடுத்து, கொட்டைப்பாக்கு அளவில் ஒரு குஞ்சை மாசிலாமணியின் உள்ளங்கையில் வைத்தார். அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. மாசிலாமணி வாயைப் பிளந்தார். வீடு வந்து சேரும்வரை கையை மூடவும் இல்லை, வாயை மூடவும் இல்லை.

"பண்ணைக்காரரே, வாயை மூடுங்க. ஈ போயிடப்போகுது" என்றாள் வேதவல்லி. அது ஊர் முழுக்கக் கேட்டிருக்கவேண்டும் என்று அவருக்கு ஆசையாக இருந்தது.

குஞ்சுகளுக்குக் குளிரும், பல்பு போடவேண்டும் என்று அருளப்பன் சொல்லியிருந்தார். கூண்டுக்குள் ஒரு பல்பைப் போட்டார்கள். அது வைக்கோலில் உருண்டு கிடந்தது. குஞ்சுகள் அதன்மேல் ஏறி விளையாடின. வேதவல்லி வந்து தலையில் அடித்துக்கொண்டு, ஒயர் இழுத்து மாட்டி எரியவிட்டாள்.

"எரியவிடணும்னு அவரு சொல்லவே இல்லையேக்கா" என்றான் பொன்னுரங்கம். ஆனாலும் வெளிச்சம் அவனுக்குப் பிடித்துப்போயிற்று. சட்டையைக் கழற்றிவிட்டு நாள் முழுக்கப் பல்புக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தான்.

காடைகள் மளமளவென்று வளர்ந்தன. ஒருநாள் பார்க்க வந்த அருளப்பன் அசந்துபோனார். "இனிமே பிரிச்சு வைங்க. நெஞ்சுல புள்ளி இருந்தா பெட்டை. வைக்கோல் போட்டு உக்கார வைங்க, முட்டை போடும். தொந்தரவு பண்ணாதீங்க."

அவர் போனதும் பிரிக்க ஆரம்பித்தார்கள். எல்லாக் காடைகளையும் பார்த்து முடித்து நிமிர்ந்த தெய்வசிகாமணி அப்படியே நின்றுவிட்டான். பல்புச் சூட்டில் பொன்னுரங்கத்தின் நெஞ்செல்லாம் வேர்க்குரு.

"அண்ணே, உனக்கும் புள்ளி இருக்கு."

மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

"இத்தனை வருஷமா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே மாப்ள?"

"எனக்கே இப்பத்தான் தெரியும் மாமா."

மத்தியானம் சோறு கொண்டுவந்த வேதவல்லி, "பொன்னுரங்கம் எங்க?" என்றாள்.

மாசிலாமணி உதட்டில் விரலை வைத்தார். "சத்தம் போடாத. தலைப்பிரசவம்."

அவள் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள். வைக்கோலில் காடைகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு தம்பி உட்கார்ந்திருந்தான். முகம் வாடியிருந்தது.

"எழுந்து வாடா, சோறு ஆறுது."

"நீங்க சாப்பிடுங்கக்கா" என்றான் பொன்னுரங்கம். பக்கத்துக் காடையைக் கண்ணால் காட்டி, குரலைத் தாழ்த்தினான். "எனக்கப்புறம் வந்து உக்காந்தவ, போட்டு முடிச்சுட்டா. எனக்குச் சோறு எறங்குமா?"