மாமனார் கொடுத்த மைப்பேனா

கள்ளிப்புதூர்க்காரர்கள் பெரியவர்கள் சொல்லைத் தட்டவே மாட்டார்கள். அந்த ஊரில் ஒரு காரியமும் உருப்படாததற்கு வேறு காரணம் கிடையாது.

தங்கப்பழத்துக்குக் கனியம்மாள் மேல் கொள்ளை ஆசை. அவள் அப்பா வெள்ளைப்பாண்டி ஊரிலேயே விவரமானவர் என்று பெயரெடுத்தவர். கல்யாணத்துக்கு முந்தின நாள் அவர் தன் பழைய மைப்பேனாவை மாப்பிள்ளையிடம் கொடுத்தார். கோயில் கல்யாணப் பதிவேட்டில் இந்தப் பேனாவால்தான் கையெழுத்து விழவேண்டும், தவறினால் பெண் கிடையாது என்றார்.

"கழுத்தைத் திருகிக் கழத்தி மையை ஊத்து. ஊத்தினதும் மாட்டி ஒரு உதறு உதறு. மை தெறிச்சா பேனா நல்லாருக்குன்னு அர்த்தம். ஆனா ஒண்ணு, மாப்ள. நிப்பு என் கைக்குப் பழகினது. வேற கை எழுதினா கெட்டுப்போகும்."

தங்கப்பழம் பயபக்தியோடு தலையாட்டினான்.

விடிந்ததும் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு பேனாவில் மையை ஊற்றி உதறினான். வேட்டியில் பளிச்சென்று தெறித்தது. அவனுக்கு உயிர் வந்தது. தெறித்த மை குறைந்திருக்குமே என்றான் கூட்டாளி சொரிமுத்து. நியாயம்தான். மறுபடி ஊற்றினான். ஊற்றினால் உதற வேண்டுமே, உதறினான். மைக்கூடு காலியாகும் வரை இருவரும் சளைக்கவில்லை. கடைசியில் உதறியபோது ஒன்றும் வரவில்லை.

"பேனா கெட்டுப்போச்சுல. கனி எனக்கில்லை," என்று தங்கப்பழம் அழுதேவிட்டான்.

"மை எங்க ஓடிப்போச்சு? வேட்டியிலதானல இருக்கு," என்றான் சொரிமுத்து.

வேட்டியை நனைத்துப் பேனாவுக்குள் பிழிந்தார்கள். இப்போது உதறவேண்டுமா என்று வெகுநேரம் யோசித்தார்கள். ஊற்றினால்தான் உதறச் சொன்னார், இது பிழிந்தது. ஆகவே வேண்டாம் என்று முடிவாயிற்று.

தாலி கட்டி முடிந்தது. பதிவில் மாப்பிள்ளை இடத்தைக் காட்டினார்கள். தங்கப்பழம் பேனாவைத் தூக்கியவன், முள்ளைத் தொட்டவன் மாதிரி நின்றுவிட்டான்.

"மாமா, என் கை எழுதினா நிப்பு கெட்டுப்போகுமே. எழுதாட்டி பொண்ணு தரமாட்டீயளே."

வெள்ளைப்பாண்டி யோசித்தார். மாப்பிள்ளை சொல்வது தன் வாக்குத்தான். ஆகவே பேனாவை வாங்கி, பழகின கையால், பழகின பெயரை அழகாக எழுதினார். மாப்பிள்ளை: வெள்ளைப்பாண்டி.

அடுத்து பெண்ணின் அப்பா இடம் காலியாக இருந்தது. மிச்சம் இருந்தது தங்கப்பழம்தான். ஈர வேட்டியில் பெருவிரலைத் தேய்த்து அங்கே ஒரு கைநாட்டு வைத்தான்.

எழுத்தில் ஏறிவிட்டால் ஏறியதுதான். தங்கப்பழம் கனியம்மாளின் கையைப் பிடித்து வெள்ளைப்பாண்டியிடம் ஒப்படைத்தான்.

"செல்லமா வளத்த பிள்ளை. கண்கலங்காம பாத்துக்கிடுங்க," என்றான்.

ஈர வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவர்கள் இருவரும் தங்கள் வீட்டுக்குப் போனார்கள். தங்கப்பழம் நீல வேட்டியோடு தனியாக வீடு திரும்பினான். வழியெல்லாம் சொரிமுத்துதான் அவன் தோளைத் தட்டிக்கொண்டே வந்தான்.

"அழாதல. பொண்ணைப் பெத்தவனுக்கு இதெல்லாம் உள்ளதுதான்."