அமைச்சர் இளைத்த கதை

மகுடபூபதி ராஜாவுக்கு ஒரு குணம். கடைசியாகப் பேசியவர் சொன்னதுதான் அவருக்குச் சரி. அன்று கடைசியாகப் பேசியவர் அமைச்சர் பரமகுருநாதர்.

"அரசே, நாட்டில் சின்னப் பிள்ளைகள் நோஞ்சானாக இருக்கிறார்கள். தாய்மாரின் சோம்பல்தான் காரணம்!"

உடனே ஆணை பிறந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் தினமும் குளிக்க வேண்டும். சாப்பிடும் முன் கை கழுவ வேண்டும். காலையில் பால், மாலையில் பழம். மாதாமாதம் அரண்மனைத் தராசில் எடை பார்க்கப்படும். எடை குறைந்தால், பெற்றவள் ஒரு நாள் முழுக்க வெயிலில் நிற்க வேண்டும்.

இரண்டாம் மாதம் தேர்வீதிப் பிள்ளைகள் எல்லாம் கொழுகொழுவென்று ஏறி இறங்கினார்கள். உப்பளத் தெருப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்குத்தான் எடை குறைந்திருந்தது. தாய்மாரைச் சபையில் நிறுத்தினார்கள். அவர்களில் செங்கமலம் என்பவளின் இடுப்பில் காய்ச்சலோடு ஒரு குழந்தை துவண்டு கிடந்தது.

"கை கழுவ மாட்டோம்னா சொல்றோம் சாமி? கிணறு அரைக் காதம் தள்ளி இருக்கு. கொண்டாற ஒரு குடம் குடிக்கவே பத்தல. குட்டைத் தண்ணியக் குடிச்சுப் பிள்ளைக்கு வயித்தால போகுது. இவளை வச்சுக்கிட்டு வெயில்ல எப்படி நிப்பேன்?"

"சாக்கு!" என்றார் அமைச்சர், பன்னீரில் கை அலம்பிக்கொண்டே. "ஆரோக்கியம் என்பது பழக்கம், அம்மா!"

விகடகவி கூத்தபிரான் எழுந்தான். "அமைச்சர் சொல்வதே சரி. ஆனால் இவர்களுக்குச் செய்து காட்டினால்தான் புரியும். அமைச்சர் ஒரு வாரம் அந்தத் தெருவில் தங்கட்டும். அங்கே இருப்பதை வைத்து நல்ல பழக்கத்தை நடத்திக் காட்டட்டும். எடை குறையாமல் திரும்பினால் இவர்களோடு நானும் வெயிலில் நிற்கிறேன். குறைந்தால் ஆணை அவருக்கும் பொருந்தும்."

இவன் ஒழிந்தான் என்று நினைத்து அமைச்சர் உற்சாகமாகத் தலையாட்டினார்.

முதல் நாள் ஐந்து முறை கை கழுவினார். மத்தியானத்துக்குள் குடம் காலி. "இன்னொரு குடம்!" என்றார். "நீங்கதான் போகணும் சாமி," என்றாள் செங்கமலம். போனார். பாதியை வழியெல்லாம் சிந்திவிட்டு வந்தார். மூன்றாம் நாள் பால் கேட்டார், நீராகாரம் கிடைத்தது. நான்காம் நாள் கை கழுவுவதையே மறந்தார். ஐந்தாம் நாள் அவருக்கும் வயிற்றால் போனது.

வாரக் கடைசியில் பல்லக்குத் தூக்கிகள், "ஆள் ஏறியாச்சா?" என்று எட்டிப் பார்த்தார்கள்.

தராசைப் பார்த்த ராஜா, "அமைச்சரே, போய் வெயிலில் நில்லும்!" என்றார்.

"ஆணையை மாற்றாதீர்கள் அரசே," என்றான் கூத்தபிரான். "இளைத்தவர் நிற்க வேண்டியதில்லை. பெற்றவள்தான் நிற்க வேண்டும். அமைச்சரின் தாயாரைக் கூப்பிடுங்கள்!"

எண்பது வயது அலமேலம்மாள் வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். மகனைப் பார்த்ததும் பொங்கிவிட்டாள்.

"எம்பிள்ளைக்கு நான் என்னடா குறை வச்சேன்? தண்ணியில்லாத தெருவுல ஒரு வாரம் கிடந்தா யானையும் இளைக்கும்! கிணறு வெட்டாதவனைக் கொண்டுபோய் நிறுத்துங்கடா வெயில்ல!"

ராஜா தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டார்.

"செங்கமலமும் இதைத்தான் சொன்னாள் அரசே," என்றான் கூத்தபிரான். "அமைச்சரின் தாய் சொன்னால்தான் நமக்குக் காது கேட்கிறது."

ராஜா முதலில் வெட்கப்பட்டார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். ஆணையைக் கிழித்தார். உப்பளத் தெருப் பிள்ளைகளுக்கு அரண்மனையிலிருந்து தினமும் பால் போகட்டும் என்றார்.

"கூத்தபிரான், உனக்கு என்ன வேண்டும்?"

"அந்தத் தெருவில் ஒரு கிணறு. ஊற்றுக் கண் திறக்கும்வரை அமைச்சரே பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்க்க வேண்டும். குடை மட்டும் வேண்டாம்."

கடைசியாகப் பேசியவன் அவன்தானே! ராஜா சரி என்றார். அந்த வருடம் வெயிலும் நன்றாகவே அடித்தது.